கிண்ணமும் தோளும்

நாடுகாணி! சொல்லிப் பாருங்கள், தோழரே! எத்துணை எழிலான பெயர்! கூடலூரை விட்டு மேற்கே செல்லும் சாலை, தேவாலா, பந்தலூர் நோக்கி ஒரு கிளையாகவும், மலையிறங்கி நிலம்பூர் நோக்கி மற்றொரு கிளையாகவும் பிரியும் இடம். மலையின் விளிம்பு. கீழே மலையாள நாடு பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடக்கிறது. நாட்டைக் காணும் இடம், ஆகவே நாடுகாணி என்று பெயருக்குப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால், காணி என்ற சொல்லுக்குத் தமிழிலே வேறொரு பொருளும் உண்டே! காணி என்றால் நிலம். உழுது விதைத்து, 'இது என்னுடையது' என்று உரிமையோடு சொல்லத்தக்க நிலம். நாட்டையும் காணியையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஊரின் சுற்றுப்புறத்திலே, எது தம் நாடு என்பதைப் பிறர் இருமுறை மாற்றி எழுதிய மக்கள் வாழ்கின்றனர். காணியோ, காலூன்றி நிற்கும் அளவுக்குக்கூட அவர்களிலே பலருக்கு இல்லை. பெயர் வைத்தவர் கேலிக்காகவா வைத்தார்? இல்லை, கேலி செய்தது காலம்!

இம்மக்களிலே ஒரு சிறு பகுதியினர் கிறித்தவர்கள். அவர்கள் ஞாயிறுதோறும் கூடும் சிறு கோயில்கள் இந்த மலைப்பக்கத்துத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே உண்டு. 'மாதாகோயில்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவோம். மாதாவின் சிலையே வைத்திராத சீர்திருத்தச் சபைக் கோயிலையும் அப்படித்தான் சொல்லுவோம். பக்கத்து வீட்டைப் பற்றி நமக்குள்ள அக்கறை அவ்வளவு! முன்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபை. 1947க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபை. ஊட்டியிலும் குன்னூரிலும் காணும் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் தோட்டப்புறத்துக் கோயிலிலே தேடாதீர்கள். தகரக் கூரை, மர பெஞ்சு, சுவரிலே ஒரு சிலுவை. ஆனி ஆடி மழை அந்தத் தகரத்தின்மீது கொட்டத் தொடங்கிவிட்டால், போதகர் சொல்வது முன்வரிசைக்கே கேட்பதில்லை. அவரும் அறிவார், ஆதலால், மழை வலுக்கும்போது பிரசங்கத்தை நிறுத்திப் பாட்டை எடுக்கச் சொல்லிவிடுவார். பாட்டு மழையை வெல்லும் என்பது அவர்கள் அனுபவம்.

ஒரு போதகருக்குப் பல சபைகள். அவற்றையெல்லாம் சேர்த்துச் சேகரம் என்பார்கள். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் நடத்துவார். அவரும் வர இயலாவிட்டால், மூத்தவர் ஒருவர் வேதப் புத்தகத்தைப் பிரிப்பார். வாரம் ஆறு நாளும் கொழுந்து கிள்ளிக் கருத்துப்போன விரல்கள் ஏழாம் நாள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும். பெண்கள் நாள்தோறும் உலையிலே அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துச் சேர்த்துக் கொண்டு வருவார்கள். கைப்பிடி அரிசி என்றே அதற்குப் பெயர். அறுப்பின் பண்டிகையன்று ஒரு பூசணிக்காய் ஏலத்துக்கு வரும். எடுத்தவர் அதை மீண்டும் காணிக்கையாகவே வைப்பார். மறுபடி ஏலம், மறுபடி காணிக்கை! காயோ ஒன்று, அதைக் கொடுத்தவரோ ஐந்தாறு பேர். பொருளாதாரம் கற்றவர் சிரிக்கலாம். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வாயிலே அடிக்கடி புழங்கும் சொல் ஒன்று உண்டு: ஐக்கியம். பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் என்று சங்கங்களுக்குப் பெயர். 'சகோதர ஐக்கியம்' என்று ஜெபத்திலே வேண்டுதல். ஐக்கியம் என்பது யாது? ஒரே கூரையின்கீழ் இருப்பதா? ஒரே கடவுளை வணங்குவதா? ஒரே பந்தியில் உண்பதா? கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அதற்கு வேறு மன்றம் இருக்கிறது. மனிதர்க்கிடையே ஐக்கியம் உண்டா, உண்டெனில் அதற்கு அடையாளம் எது என்பதே நான் எடுத்துக்கொண்ட வழக்கு.

கூரை அடையாளமன்று என்பதற்குச் சான்று உதகையிலேயே நிற்கிறது. புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அடிக்கல் நாட்டினார்கள். 1830 நவம்பர் 5ஆம் நாள் கல்கத்தாப் பேராயர் டர்னர் அதனை அர்ப்பணம் செய்தார். அதன் பெருமரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1799இல் வீழ்ந்துபட்ட திப்புவின் சீரங்கப்பட்டணத்து அரண்மனையைப் பிரித்தெடுத்து, மலைமீது கொண்டுவந்து சேர்த்த மரங்கள்! தோற்றவன் வீட்டு உத்திரம், வென்றவன் வழிபாட்டுக்குக் கூரை! குளிர் தேடி மலையேறிய வெள்ளையருக்காக எழுந்த கோயில் அது. அந்தக் கூரையின்கீழும் ஐக்கியம் இருந்திருக்கும். ஆளுவோருக்குள் இருக்கும் ஐக்கியம். உத்திரத்தைச் சுமந்து ஏறியவர்களைப் பற்றி அங்கே யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

ஒரே கிண்ணம் அடையாளமாகுமா? அது இன்னும் கூர்மையான கேள்வி. நற்கருணை என்றும் திருவிருந்து என்றும் அவர்கள் கொண்டாடும் சடங்கிலே, ஒரே அப்பம் பிட்கப்படுகிறது. ஒரே கிண்ணம் கைமாறி வாய்மாறிச் செல்கிறது. எச்சில் பட்டாலே ஏழு தலைமுறைக்கும் தீட்டு என்று நடுங்கிய நாட்டிலே இது எப்பேர்ப்பட்ட புரட்சியாக இருந்திருக்க வேண்டும்! இருந்திருக்க வேண்டும், ஆனால் இருந்ததா? லூத்தரன் மிஷனரிமார் வளர்த்துப் பின்னர் ஆங்கிலிக்கன் கைக்கு வந்த தஞ்சைச் சபைகளிலே, உயர்சாதி என்று சொல்லிக்கொண்டோர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டோர் மறுபக்கம் அமர்ந்தனர். முன்னவர் பருகிய பின்னரே பின்னவருக்குக் கிண்ணம் சென்றது. இரு கிண்ணங்கள் புழங்கிய இடமும் இருந்தது. கிண்ணத்தை ஒன்றாக்க வந்த மதத்தைக் கொண்டே கிண்ணத்தை இரண்டாக்கிக் காட்டிய சாமர்த்தியம் நம்மவருக்கே உரியது!

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார்: சாதி வேற்றுமை சபையிலே அறவே, உடனே, முடிவாக ஒழிய வேண்டும் என்று. விளைவு? சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். இறைவனை விட்டாலும் விடுவோம், இருக்கையை விடோம் என்றனர் போலும்! இனிய தமிழ்க் கீர்த்தனைகளால் இன்றும் நினைக்கப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதிப் பழக்கத்துக்குப் பரிந்து எழுதினார் என்பது வருந்தத்தக்க உண்மை. மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சாதி ஒழிய ஆணையிட்ட பேராயரின் சொந்த நாட்டிலே, செல்வக் குடும்பங்கள் வாடகை கட்டி வைத்துக்கொண்ட தனி இருக்கைகள் அந்நாளில் கோயிலுக்குள்ளேயே இருந்தன. ஆயினும், சொன்னவர் வீட்டிலே குற்றம் இருந்தது என்பதால் சொல் குற்றமாகிவிடாது. 1850இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு இன்னும் ஒரு படி சென்றது. ஒடுக்கப்பட்டவர் சமைத்த சோற்றை உண்ணாதவரைச் சாதி துறந்தவர் என ஏற்கலாகாது என்றது. கிண்ணம் போதவில்லை, சோறு வேண்டும் என்று கண்டுகொண்டார்கள்.

சோறும் போதவில்லை என்று சொல்ல இன்னோர் அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு தமிழர் எழுந்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாளில், 1912இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலே உலகத்து மிஷனரிகளெல்லாம் கூடிய பேரவையில், வெள்ளையர் முகம் பார்த்து அவர் பேசிய பேச்சின் சாரம் இது: நீங்கள் தியாகம் செய்தீர்கள், பொருளை ஈந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், இந்தியத் திருச்சபை அதை மறவாது. ஆனால் நாங்கள் உங்களிடம் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்! அவையிலே பலர் முகம் சுளித்தனராம். சுளிக்காமல் என்ன செய்வர்? உயிரைக் கொடுப்பது எளிது. சமமாக உட்காரும் இடத்தைக் கொடுப்பதன்றோ கடினம்! ஈகைக்கு மேடு பள்ளம் தேவை. மேலிருப்பவன் கொடுக்க, கீழிருப்பவன் வாங்க வேண்டும். நட்புக்கு அது ஆகாது. அசரியா கேட்டது பிச்சையன்று, தரை மட்டம்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்திலே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் உள்ள சபையும் பேராயர் வேண்டாம் என்ற சபையும் அப்படிக் கலந்தது உலகத்துக்கே புதுமை. அதற்கு வித்திட்ட 1919ஆம் ஆண்டுத் தரங்கம்பாடி மாநாட்டிலும் அசரியா இருந்தார். 1945இல் மறைந்துவிட்டதால் விளைச்சலைக் காணவில்லை. பெரும் செயல்தான். ஆனால் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்த பிரிவுகளை இணைத்தவர்கள், சொந்தச் சேரிக்கும் தெருவுக்கும் இடையே பிறந்த பிரிவை அவ்வாறு இணைத்துவிட்டார்களா? கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டுக் கிறித்தவத்திலே உண்டு. செத்தவன் எழுந்து போய்ச் சம்பந்தம் பேசிவிடுவான் என்ற அச்சமோ! அரசும் தன் பங்குக்கு 1950இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, கிறித்தவனாகிவிட்டவன் பட்டியல் சாதியினன் அல்லன். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டதாம். ஊர்க் கிணறு அந்த ஆணையைப் படிக்கவில்லை.

இனி நாடுகாணிக்குத் திரும்புவோம். அங்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? இலங்கை மலைநாட்டிலே காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஏழைகள் கடல் கடந்தனர். அவர்களிடையே பணி செய்ய 1854இல் ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தைச் சார்ந்த ஓர் அமைப்புத் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் சென்றனர். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தனர். அந்த அமைப்புக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? தமிழ்க் கூலி மிஷன்! ஆத்துமாவைத் தேடிச் சென்றவர்களும் அதைக் கூலியின் ஆத்துமாவாகத்தான் பதிவு செய்துகொண்டார்கள். பின்னாளிலே அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து நீக்கினார்கள், நல்லது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிலே பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர்: ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். தேங்காய் எண்ணுவோர்கூட அழுகலைத் தட்டிப் பார்த்து எண்ணுவர். இங்கே தட்டிப் பார்ப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று குடும்பங்கள் கிழிந்தன. தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கி, மண்டபம் முகாமிலே பெயர் பதிந்து, நீலகிரிக்கு வந்தனர் ஒரு சாரார். அவர்களுக்கென 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பின்னர் டான்டீ என்ற கழகமாயின. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தேயிலைத் தூரை நட்டுக் காடு திருத்திய கைகள் இவர்களுடையவை.

இப்படி வந்திறங்கிய ஒருவருக்கு முதல் துன்பம் எது? சோறா? கூலி கிடைத்தது. கூரையா? லைன் வீடு கிடைத்தது. மரணம் வந்தபோதுதான் தெரிந்தது இல்லாதது எது என்று. நம் சிற்றூர்களிலே சாவு விழுந்தால் யார் பறையறிவிப்பது, யார் குழி தோண்டுவது, யார் தோள் கொடுப்பது என்பதையெல்லாம் சாதியும் உறவும் முன்பே எழுதி வைத்திருக்கின்றன. பங்காளி வருவான், மாமன் மைத்துனன் வருவான். இந்த மலையிலே பங்காளி ஏது? அவன் பதுளையிலே இருப்பான், அல்லது எந்த மாவட்டத்திலே இறக்கிவிடப்பட்டானோ! கிடப்பது பிணம்; கொட்டுவது மழை; கல்லறைத் தோட்டமோ சரிவுக்கு மேலே. பெட்டியைத் தூக்க ஆறு தோள் வேண்டும்.

அந்த ஆறு தோளைத் தந்தது எதுவோ அதுவே ஐக்கியம் என்பேன். அடுத்த லைனிலிருந்து வந்தான் ஒருவன். அவன் பாட்டனார் சேலத்தார். இன்னொருவன் முன்னோர் புதுக்கோட்டையார். யார் எந்தச் சாதி என்று விசாரிக்க நேரமில்லை. நேரமிருந்தாலும் விசாரித்து என்ன பயன், ஆறு தோள் வேண்டுமே! ஒரு நாள் தோள் கொடுத்தவனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனி பெஞ்சிலே உட்கார் என்று எந்த முகத்தோடு சொல்வது? தஞ்சையிலே பேராயரின் ஆணையும் மாநாட்டின் தீர்மானமும் சாதிக்காததை, இந்தச் சரிவிலே ஆறு பேருக்கு அழுத்திய பாரம் ஓரளவேனும் சாதித்தது. முற்றும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். மணப் பேச்சு வரும்போது பழைய ஊரும் பழைய சாதியும் மெல்லத் தலைநீட்டுகின்றன.

நம்மிலே சிலர் இடைமறிப்பர்: 'இதிலென்ன அறம்? வேறு வழியில்லாமல் சேர்ந்தார்கள். தேவை போனால் ஐக்கியமும் போகும்.' நியாயமான கேள்வி. ஆனால், வழியிருந்தும் சேராதவர்களைப் பற்றி என்ன சொல்வீர்கள்? நம் கதையையே எடுத்துக்கொள்வோம். சேரன்மாதேவிக் குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்றபோது, வரதராசலு நாயுடுவும் பெரியாரும் பொங்கியெழுந்தனர். 1925 வாக்கில் நாடே அதிர்ந்தது. அதன் பின் எத்தனை சமபந்தி விருந்துகள், எத்தனை மேடைகள்! பெருமைதான். ஆனால் அந்தப் பந்தியில் பக்கத்திலே அமர்ந்து உண்டவனின் பெயர் நமக்கு நினைவிருக்கிறதா? மறுநாள் அவன் வீட்டிலே சாவு என்றால் நாம் போனோமா? ஆண்டுக்கொருமுறை இலை போட்டு அமர்ந்துவிட்டு, மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது சாதிச் சங்க முகவரியைத் தேடிய பகுத்தறிவாளரை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். கொள்கை தேவையை வென்று நிற்க வேண்டும் என்பது உண்மை. தேவையாலே பழகிய தோள், கொள்கையாலே மட்டும் நீட்டிய கையைவிட உறுதியாயிருப்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆயினும் அந்தச் சிறு கோயில்களை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அவர்கள் ஐக்கியத்துக்கும் ஒரு வேலி இருக்கிறது. இம்மலையின் பழங்குடியினர் பணியர். ஆண்டு முழுமைக்கும் அவர்களை அடிமைகொள்ளும் பேரம், வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவிலே நடந்து வந்தது. கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. நாடற்று வந்தவர்கள் தேயிலை நட்டது, காடற்றுப் போனவர்களின் மண்ணிலே. இது வந்தவர்களின் குற்றமன்று. அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அரசு. ஆனால், அகதியின் வலி அறிந்தவர்கள், தம் வேலிக்கு வெளியே நிற்கும் பணியர் குடிலுக்கு எத்தனை முறை உறவாகப் போயிருக்கிறார்கள்? பண்டிகைக்கு வேட்டி சேலை கொடுக்கப் போவதைச் சொல்லவில்லை. அது அசரியா எடின்பரோவிலே வேண்டாமென்று சொன்ன மேடு பள்ளம். வெள்ளையரை நோக்கி அன்று தமிழர் கேட்டதை, தமிழரை நோக்கி இன்று பணியர் கேட்டால், பதில் என்ன?

இன்னொரு கேள்வியும் வாசலிலே நிற்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. 2022இல் டான்டீயின் நிலத்திலே 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென அரசு முடிவெடுத்தபோது, அந்த விதியின் நிழல் இன்னும் நீண்டது. ஐம்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய கிழவிக்கு இந்த மலையிலே காணி ஏது? அவள் கோயிலுக்குக் கைப்பிடி அரிசி கொடுத்தவளாகவும் இருக்கலாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவளாகவும் இருக்கலாம். அவளுக்காக மன்றாடப் போகும் ஐக்கியம், அவள் பெயர் சபைப் பதிவேட்டிலே இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்க்குமானால், அந்தப் பதிவேட்டுக்கும் 1964இல் தலை எண்ணிய தாளுக்கும் வேறுபாடு என்ன? போதகர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டுச் சினந்தாலும் சரியே. கேட்காதது போல் பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டால்தான் வருந்துவேன்.

சினக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். காரணம், அவர்களது கல்லறைத் தோட்டத்துப் பாதையிலேயே பதில் நடந்து போகிறது. தோட்டத்திலே சாவு விழுந்தால், பெட்டியைச் சுமப்போரெல்லாம் சபையார் அல்லர். காலையிலே நெற்றியிலே திருநீறு பூசியவனும் ஒரு மூலையைப் பிடிக்கிறான். பள்ளிவாசலுக்குப் போகிறவனும் பிடிக்கிறான். மாரியம்மன் பக்தன் வீட்டுச் சாவுக்குச் சபையார் இதே தோளைக் கொடுக்கிறார்கள். வாயிலருகே நிறுத்தி, 'இதற்கு மேல் எங்கள் சபையார் மட்டும்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் பெட்டி போய்ச் சேராது. மழையிலே அந்தச் சரிவு வழுக்கும். மேலே ஏறும்போது முன்னால் பிடிப்பவரைக் காட்டிலும் பின்னால் பிடிப்பவர்மீதே பாரம் முழுதும் சாயும். ஆகையால் பாதி வழியிலே ஒரு கணம் நின்று, பின்னால் இருப்பவர் முன்னே வர, முன்னால் இருப்பவர் பின்னே செல்கிறார்கள்.